யாரும் உட்காராத சீட்டு

நார்பர்ட் அந்தக் காரை வாங்கிய அன்றே அதை விற்பதற்கான விளம்பரத்தையும் எழுதிவிட்டான். ஷோரூமிலிருந்து வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல் மேசையில் உட்கார்ந்து எழுதி, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினான். ஒரே கை வண்டி. மழை கண்டதில்லை. உள்ளே யாரும் சிகரெட் பிடித்ததில்லை. கடைசி வரிக்கு மட்டும் அடிக்கோடு: பக்கத்து சீட்டில் இதுவரை ஒருவரும் உட்கார்ந்ததில்லை.

உட்காராத அந்த ஒருவர் நான்தான். பெயர் கொலெட். அவனோடு முப்பது வருஷத்துக்கு மேல் குடித்தனம் நடத்துகிறேன். ஷோரூமிலிருந்து அவன் அந்த வெள்ளைக் கார்வெட்டில், இரண்டே சீட்டு உள்ள ஸ்போர்ட்ஸ் காரில், முன்னால் போக, நான் என் பழைய வேனில் பின்னாலேயே உருட்டிக்கொண்டு வந்தேன். என்னை ஏன் ஏற்றிக்கொள்ளவில்லை என்று கேட்டதற்கு அவனிடம் பதில் தயாராக இருந்தது.

"பின்னாடி எவனாவது வந்து இடிச்சா? நீ நடுவுல வந்தா உன் வண்டியோட போயிடும்ல?"

இப்படிப் பேசுகிறவனைக் கல்நெஞ்சன் என்று நினைக்க வேண்டாம். தொழில் அப்படி. இன்சூரன்ஸ் கம்பெனியில் அடிபட்ட கார்களுக்கு விலை போட்டே ரிட்டயர் ஆனவன். கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்பவர்களின் காரைக் குனிந்து பார்ப்பான், டார்ச்சை அணைப்பான், "ஒண்ணும் தேறாது" என்பான். இடித்த வண்டியைச் சரிசெய்து புதுசு மாதிரி கொண்டுவந்து ஏமாற்றப் பார்ப்பவர்களையும் அவன் விட்டதில்லை. தொழிற்சாலையில் போல்ட்டை முறுக்கியதும் அதன் மேல் மார்க்கரால் ஒரு கோடு இழுப்பார்களாம். போல்ட்டை ஒருமுறை கழற்றி மாட்டினால் அந்தக் கோடு பழையபடி ஒன்று சேராதாம். "கோடு பொய் சொல்லாது, கொலெட்" என்று இரவுச் சாப்பாட்டில் சொல்லுவான். நான் உருளைக்கிழங்கைப் பிசைந்துகொண்டே கேட்பேன்.

நாங்கள் இருப்பது மிச்சிகனில், டெட்ராய்ட்டுக்கு வடக்கே பெர்க்லியில். வுட்வர்ட் சாலை எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. ஆகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை ஊரில் இருக்கிற நல்ல கார், பழைய கார், பைத்தியக்கார கார் எல்லாம் அந்தச் சாலையில் இறங்கி மெதுவாக ஊர்ந்து போகும். நாங்கள் ஓரத்துப் புல்லில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்போம். நார்பர்ட் கார்களைப் பார்ப்பான். நான் பக்கத்து சீட்டுப் பெண்களைப் பார்ப்பேன். கண்ணாடியை இறக்கிவிட்டு, தலையில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டே போவார்கள். எனக்கும் அப்படிப் போக வேண்டும். சின்னப்பிள்ளைத்தனமான ஆசைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆசை ஆசைதானே.

அவன் வாக்கே கொடுத்திருந்தான். "நான் ரிட்டயர் ஆனதும் ஒண்ணு வாங்குறோம். நீ பக்கத்துல உக்காந்து ராணி மாதிரி கையாட்டு." அதை நம்பித்தான் சமையலறையைப் புதுப்பிக்க வைத்திருந்த பணத்தை விட்டுக்கொடுத்தேன். ஒரு ஸ்கார்ஃப்கூட வாங்கி வைத்திருந்தேன்.

கார் வந்த முதல் ஆகஸ்ட்டில் அது சாலையில் இறங்கவே இல்லை. நார்பர்ட் சேர்ந்திருந்த கார்வெட் கிளப்காரர்கள் புல்வெளியில் கயிறு கட்டி, தங்கள் கார்வெட்டுகளை வரிசையாக நிறுத்தி, பானட்டைத் திறந்து வைத்திருந்தார்கள். எங்களுடையதும் அங்கே நின்றது. நான் அதற்குப் பின்னால், அதே மடக்கு நாற்காலியில்.

அந்தக் கிளப்பின் தலைவர் ஹால் டெவ்ரோ. அவரும் ரிட்டயர் ஆனவர்தான். எந்நேரமும் பாக்கெட்டில் மெத்தென்ற துணி ஒன்று வைத்திருப்பார். நார்பர்ட் காரை மாற்றிக் கட்ட ஆசைப்படுகிறான் என்று தெரிந்ததும், அவர்தான் எங்கள் வீட்டு மேசையில் உட்கார்ந்து, நான் போட்ட காப்பியைக் குடித்துக்கொண்டே சட்டம் சொன்னார்.

"நார்ப், என்ன வேணா மாத்து. ஆனா ஓட்டை மட்டும் போடாத. ஓட்டை போட்டா போச்சு. கழட்டினது எதையும் தூக்கிப் போடாத. விக்கிற அன்னைக்கு எல்லாத்தையும் திரும்ப மாட்டணும். வண்டி தொழிற்சாலையில இருந்து நேத்து வந்த மாதிரி நிக்கணும்."

"அப்ப எதுக்கு மாத்தணும்?" என்று நான் கேட்டேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். ஹால் கொஞ்சம் பொறுமையோடு, "ரசனைம்மா" என்றார்.

ரசனை தொடங்கியது. நார்பர்ட்டுக்குப் பிடித்த நிறம் ஆரஞ்சு. ஆனால் வெள்ளைதான் சீக்கிரம் விலைபோகும் என்று வெள்ளை வாங்கியிருந்தான். அதனால் வெள்ளை பெயின்ட் கீறாமல் இருக்க மேலே நிறமில்லாத ஃபிலிம் ஒட்டினான். அதன் மேல் ஆரஞ்சு ஸ்டிக்கர். ஆரஞ்சு கீறாமல் இருக்க அதன் மேல் இன்னொரு ஃபிலிம். ஜனவரிக் குளிரில் நான் அத்தனை அடுக்கு போட்டதில்லை.

அடுத்து சைலன்சர். புதுசு போட்டதும் கார் உறுமியதில் எதிர்வீட்டு நாய் மூன்று நாள் வெளியே வரவில்லை. பழைய சைலன்சரைப் போர்வையில் சுற்றி எங்கள் கட்டிலுக்கு அடியில் வைத்தான். அப்புறம் சக்கரங்கள். கம்பெனி கொடுத்த நான்கு சக்கரமும் விருந்தினர் அறையின் குளியல் தொட்டிக்குப் போயின. கராஜில் ஈரமாம், குளியலறையில் இல்லையாம்! டொலிடோவில் இருக்கும் அவன் தங்கை லொரெய்ன் ஈஸ்டருக்கு வந்தவள், தொட்டியைப் பார்த்துவிட்டு மறுநாள் காலையே கிளம்பினாள். அதற்காக மட்டும் நான் அவனைக் கோபித்துக்கொள்ளவில்லை.

கடைசியில் சீட்டுக்கு வந்தான். ஓட்டும்போது உராய்ந்து உராய்ந்து ஓட்டுநர் சீட்டின் விளிம்புத் தோல் நைந்துபோகும், வாங்க வருகிறவன் முதலில் அங்கேதான் பார்ப்பான் என்று ஒரு பந்தயக் கார் சீட்டு வாங்கினான். ஒன்றே ஒன்று. கம்பெனி சீட்டுகள் இரண்டையும் கழற்றி, பிளாஸ்டிக் உறையோடு எங்கள் சாப்பாட்டு அறையில் ஜன்னலோரம் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். திரைச்சீலையை இழுத்துவிட்டான். வெயில் பட்டால் நிறம் போய்விடுமாம்.

நான் கராஜுக்குப் போய்ப் பார்த்தேன். ஓட்டுநர் சீட்டுக்குப் பக்கத்தில் வெறும் தரை. அங்கே ஒரு வாளி, நாலு துணி, மெழுகு டப்பா.

"நார்பர்ட், நான் எங்க உக்கார்றது?"

"உன் சீட்டா? சாப்பாட்டு ரூம்ல பத்திரமா இருக்கே."

"அதுல உக்காந்து எங்க போறது? சமையல்கட்டுக்கா?"

"கத்தாதப்பா. அது விக்கிறப்ப வேணும். ஒரு ஆள்கூட உக்காராத சீட்டு. அமெரிக்கா முழுக்கத் தேடினாலும் கிடைக்காது."

"ஏன் கிடைக்காது? என்னை மாதிரி ஏமாந்தவ ஊருக்கு ஒருத்தி இருப்பா."

அன்று அவனுக்கு நான் சமைக்கவில்லை. அவன் கடைக்குப் போய் கோனி டாக் என்கிற, மிளகாய்ச் சாறு ஊற்றிய ஹாட்டாக் சாப்பிட்டுவிட்டு, அந்தக் கையோடு காரைத் தொடக்கூடாது என்று நடந்தே போய் நடந்தே வந்தான்.

ஜூலையில் நான் முடிவாகச் சொல்லிவிட்டேன். இந்த ஆகஸ்ட்டில் அந்த சீட்டு காரில் இருக்கும், அதில் நான் இருப்பேன், கார் வுட்வர்ட்டில் இருக்கும். இல்லையென்றால் டொலிடோவுக்குப் போய் லொரெய்னோடு இருந்துகொள்கிறேன். லொரெய்னோடு இருக்கத் துணிந்துவிட்டேன் என்றதும் அவனுக்கு விஷயத்தின் கனம் புரிந்தது. சரி என்றான். நிபந்தனைகள் சொன்னான். ஜீன்ஸ் கூடாது, அதன் பித்தளைக் குமிழ் கீறும். சென்ட் கூடாது, வாசனை தங்கும். கையில் காப்பி கூடாது. அடியில் துண்டு விரிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். பருத்திப் பாவாடை ஒன்று தைத்தேன். கார் தரையை ஒட்டி இருப்பதால், மாற்று மூட்டு வைத்த என் முழங்காலை வைத்துக்கொண்டு தாழ்வான சோபாவில் உட்கார்ந்து எழுந்து பழகினேன்.

அந்தச் சனிக்கிழமைக்கு ஒரு வாரம் இருக்கும்போது இந்தியானாவிலிருந்து கர்ட்டிஸ் என்று ஒருவன் போன் செய்தான். ஹால் சொல்லி அனுப்பிய ஆள். கார்வெட் வாங்க வேண்டும், கம்பெனி நிலையில் இருக்க வேண்டும், கேட்ட விலை கொடுப்பேன், சனிக்கிழமை காலையில் வருகிறேன் என்றான். போனை வைத்தபோது நார்பர்ட்டின் காதெல்லாம் சிவந்திருந்தது.

"வாங்கினதுக்கு மேல போட்டுத் தர்றான், கொலெட்! ரெண்டு வருஷம் வச்சிருந்து, மேல கிடைக்குது! இது எவனுக்கு நடக்கும்?"

"சனிக்கிழமையா?"

"ஆமா, காலையில."

"அப்ப நான்?"

அவன் ஃப்ரிட்ஜ் கதவைப் பார்த்தான். நானும் பார்த்தேன். அடிக்கோடு போட்ட வரி அப்படியே இருந்தது.

"அடுத்த வண்டி வாங்குவோம்ல? அதுல முதல் நாளே உன்னை உக்கார வைக்கிறேன். சத்தியமா."

"அதை எப்ப விப்ப?"

மாடிக்குப் போய்ப் பாவாடையைப் பீரோவில் மாட்டினேன். அழுதேன், சும்மா சொல்லக்கூடாது. சீட்டுக்காக அழுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

அந்த வாரம் முழுக்க அவன் காரைப் பின்னோக்கிக் கட்டினான். ஆரஞ்சைப் பட்டை பட்டையாக உரித்துக் குப்பைப் பைகளில் அடைத்தான். சைலன்சர் கட்டிலடியிலிருந்து கிளம்பியது. சக்கரங்கள் குளியலறையை விட்டு வெளியேறின. ஸ்பேனர் வாயில் டேப் சுற்றி, அதற்கு மேல் என் காலுறையைப் போட்டு, போல்ட் தலையில் ஒரு கீறல் விழாமல் முறுக்கினான். சாப்பாட்டு அறையிலிருந்து சீட்டுகளைத் தூக்க ஹால் வந்தார். நான் டார்ச் பிடித்தேன். பக்கத்து சீட்டு அதன் இடத்தில் உட்கார்ந்ததும், ஹால் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நேத்து பிறந்த குழந்தை மாதிரி இருக்கு, நார்ப்."

சனிக்கிழமை காலை கர்ட்டிஸ் வந்தான். கூட அவன் மனைவி மார்லிஸ். பின்னால் காரை ஏற்றிப்போக டிரெய்லர். கர்ட்டிஸ் தடித்த கைகளும் மெல்லிய குரலுமாக இருந்தான். முன்பு கார்ப் பட்டறை வைத்திருந்தவனாம். மார்லிஸ் என் காப்பியைப் புகழ்ந்தாள். நல்ல மனிதர்கள். அதனால் என் எரிச்சல் இன்னும் கூடியது.

கர்ட்டிஸ் காரைச் சுற்றி வந்தான். பெயின்ட்டைப் பார்த்துத் தலையாட்டினான். நார்பர்ட் முகத்தில் சிரிப்பு காது வரை போனது. அப்புறம் கர்ட்டிஸ் பாக்கெட்டிலிருந்து டார்ச்சை எடுத்து, முட்டி போட்டு, பக்கத்து சீட்டுக்கு அடியில் எட்டிப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். எழுந்துபோய் சக்கரத்தின் உள்பக்கம் பார்த்தான். வண்டிக்கு அடியில் படுத்து சைலன்சரைப் பார்த்தான். எனக்கு இந்த நடையெல்லாம் பழக்கம். கல்யாணமான நாளிலிருந்து வேறொரு ஆள் செய்து பார்த்திருக்கிறேன்.

"சார்," என்றான் கர்ட்டிஸ், எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டே. "இந்த சீட்டைக் கழட்டியிருக்கீங்க."

"ஆமா. கெட்டுப்போகக் கூடாதுன்னு தனியா எடுத்து வச்சிருந்தேன்."

"எங்க?"

"சாப்பாட்டு ரூம்ல."

கர்ட்டிஸ் மார்லிஸைப் பார்த்தான். "சைலன்சர்?"

"கட்டிலுக்கு அடியில."

"சக்கரம்?"

"குளிக்கிற தொட்டியில," என்றேன் நான்.

கர்ட்டிஸ் டார்ச்சை அணைத்தான். "தப்பா எடுத்துக்காதீங்க சார். ரெண்டு வருஷத்து வண்டி. சீட்டுல ஒரு சுருக்கம் இல்ல, புத்தம் புதுசு. ஒரு போல்ட்லயும் கம்பெனிக் கோடு ஒட்டி நிக்கல. முன்னாடி பின்னாடி எல்லாத்தையும் கழட்டி மாட்டியிருக்கு. கோடு பொய் சொல்லாதுங்க. இது எங்க அடிபட்டுச்சு?"

என் புருஷனின் முகத்தை அப்போது நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வேலை பார்த்த காலமெல்லாம் அடுத்தவர்களிடம் கேட்ட கேள்வி, அவன் வீட்டு வாசலிலேயே, அவன் பேச்சிலேயே, அவனைக் கேட்டது. கீறலுக்குப் பயந்து காலுறை போட்டு முறுக்கியவனுக்குக் கோடு மட்டும் நினைவுக்கு வரவே இல்லை. தன் கார் என்றதும் கண்ணை எங்கே கழற்றி வைத்தானோ.

"அடியா? இந்த வண்டி தும்மினதுகூட இல்லைங்க!" என்று கத்தினான். குப்பைப் பைகளை இழுத்துவந்து ஆரஞ்சைக் கொட்டிக் காட்டினான். புது சைலன்சரைக் காட்டினான். என்னைச் சாட்சிக்கு இழுத்தான். "கொலெட், சொல்லு!"

"எல்லாம் நிஜம்தாங்க," என்றேன். "எங்க வீட்டுல வந்து பாருங்க, தொட்டியில கறுப்பு வளையம் இன்னும் போகல."

கர்ட்டிஸ் பெருமூச்சு விட்டான். "நான் நம்புறேன் சார். ஆனா நாளைக்கு நான் விக்கிறப்ப, வாங்குறவன் நம்பணுமே. அவன்கிட்ட சாப்பாட்டு ரூம் கதையைச் சொன்னா எழுந்து போயிடுவான்." அப்புறம் ஒரு விலை சொன்னான். இடித்துச் சரிசெய்த காருக்குச் சொல்லும் விலை. நார்பர்ட் அதே கார்வெட்டைத் தன் வேலையில் பார்த்திருந்தால் அதைவிடக் குறைத்துத்தான் சொல்லியிருப்பான். அவனுக்கே அது தெரியும். அதனால் சண்டைகூடப் போட முடியாமல் நின்றான்.

மார்லிஸ் குனிந்து சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னிடம் கேட்டாள்.

"ஏம்மா, நிஜமாவே நீங்க இதுல உக்காந்ததே இல்லையா?"

"இல்லைங்க."

"ஒரு தடவைகூட?"

"விளம்பரத்துல அந்த வரிக்குத்தான் அடிக்கோடே."

"அடக் கடவுளே! நீங்க உக்காந்திருந்தா சுருக்கம் விழுந்திருக்கும். வண்டியோட வந்த சீட்டுதான், மாத்தலைன்னு இவரு நம்பியிருப்பாரு. சொன்ன விலையைக் கொடுத்திருப்பாரு."

கர்ட்டிஸ் யோசித்துப் பார்த்துவிட்டு, "அது சரிதான்," என்றான்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்து அடக்கினேன். நார்பர்ட் சிரிக்கவில்லை. அவன் பார்வை சீட்டிலிருந்து என் இடுப்புக்கும், இடுப்பிலிருந்து சீட்டுக்கும் போய் வந்தது. இரண்டு வருஷம் பூட்டி வைத்திருந்த லாபம் எங்கே இருந்தது என்று அப்போதுதான் கணக்குப் போடுகிறான் என்று தெரிந்தது.

அவர்கள் காலி டிரெய்லரோடு கிளம்பினார்கள். வந்ததற்கு வுட்வர்ட்டையாவது பார்த்துவிட்டுப் போகிறோம் என்றாள் மார்லிஸ். தெருமுனையிலிருந்து உறுமல்கள் கேட்க ஆரம்பித்துவிட்டன. நார்பர்ட் கராஜில் ஆரஞ்சுப் பட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தான். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவப்பட்டே என் காலம் போய்விட்டது. சுவரில் தொங்கிய மடக்கு நாற்காலிகளில் ஒன்றை மட்டும் எடுத்தேன்.

"எங்க போற?"

"எப்பவும் போற இடத்துக்கு. கையாட்டுறவங்களைப் பார்க்க."

நாலடி நடந்திருப்பேன்.

"அதை வை, கொலெட்."

திரும்பினேன். பக்கத்து சீட்டுக் கதவைத் திறந்து வைத்திருந்தான். பாக்கெட் கத்தியை எடுத்து சீட்டின் பிளாஸ்டிக் உறை மேல் வைத்தான். கை நகரவில்லை. பிறகு கத்தியை என்னிடம் நீட்டினான்.

"என்னால முடியல. நீயே கிழி."

கிழித்தேன். அந்தச் சத்தம் எனக்கு இனித்தது. மாடிக்கு ஓடி, பாவாடையை மாட்டி, ஸ்கார்ஃபைக் கட்டிக்கொண்டு வந்தேன். சோபாவில் பழகியது ஒன்றும் உதவவில்லை. ஒரு காலை உள்ளே வைத்து, கதவைப் பிடித்து, "ஐயோ" என்று தொப்பென்று விழுந்தேன். விளிம்புத் தோல் நன்றாகவே உராய்ந்தது. அவன் துண்டுகூடக் கேட்கவில்லை.

வுட்வர்ட்டில் இறங்கினோம். நடந்து போகிறவர்கள் எங்களை முந்திக்கொண்டு போனார்கள். நான் கண்ணாடியை இறக்கி, தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் கையாட்டினேன். கர்ட்டிஸும் மார்லிஸும் ஓரத்தில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மார்லிஸ் எழுந்து நின்று விசில் அடித்தாள். கிளப் கயிற்றுக்குப் பின்னால் நின்ற ஹால் என்னை அந்த சீட்டில் பார்த்துவிட்டுத் துணியைக் கீழே போட்டார். எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. கை வலித்தது. நிறுத்தவில்லை.

பன்னிரண்டு மைல் சாலை என்ற குறுக்குச் சாலை அருகே தூறல் விழுந்தது. முன் கண்ணாடியில் முதல் துளி பட்டதும் நார்பர்ட் கண்ணை மூடித் திறந்தான். முன்னாலும் பின்னாலும் கார்கள். ஒதுங்க வழியில்லை. வைப்பர் அதன் வாழ்நாளில் முதல் தடவையாக அசைந்தது.

அங்கே புல்லில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஒரு கிழவர், தலையில் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்துக் கத்தினார்.

"நல்ல வண்டிப்பா! இப்ப வித்தா என்ன போகும்?"

நார்பர்ட் என் பக்கம் திரும்பினான். ஸ்கார்ஃபைப் பார்த்தான். சீட்டில் எனக்கு அடியில் விழுந்திருந்த சுருக்கங்களைப் பார்த்தான். பிறகு தலையை வெளியே நீட்டி, தன் வேலைக் குரலில் பதில் சொன்னான்.

"ஒண்ணும் தேறாதுங்க. என் பொண்டாட்டி உக்காந்துட்டா."